கோல்கீப்பரின் ஒரே ரசிகர்

கூட்டம் சேர்ப்பதற்காக எங்கள் கிளப் செய்யாத கூத்து இல்லை. இடைவேளையில் இலவச பிரியாணி போட்டார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, இரண்டாம் பாதி தொடங்குவதற்குள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். சீரியல் நடிகை ஒருவரைக் கூட்டிவந்து முதல் பந்தை உதைக்கச் சொன்னார்கள். அவரோடு படம் எடுக்க வந்த கூட்டம் அவருடைய காருக்குப் பின்னாலேயே ஓடிவிட்டது. குலுக்கலில் ஃப்ரிட்ஜ், குழந்தைகளுக்கு பலூன் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. வங்கக்கரை கால்பந்துக் கழகம் ஆடும் நாளில், துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் மைதானத்தில் முந்நூறு பேர் தேறினால் பெரிய விஷயம். ஆனால் அந்த முந்நூறு பேர் போடும் சத்தம் காசிமேடு வரை கேட்கும். நடுவரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிவிட்டு, ஆட்டம் முடிந்ததும் அவரோடு நின்று டீ குடிப்பார்கள்.

மற்றவர்கள் வீட்டிலேயே பார்த்தார்கள். கூடத்தின் நடுவில் மைதானமே சின்னதாக எழுந்து நிற்கும் காலத்தில், வெயிலில் வந்து இரும்பு நாற்காலியில் உட்கார யாருக்குத் தலையெழுத்து.

அந்த நேரத்தில்தான் கீர்த்திவாசன் வந்து சேர்ந்தார். கிளப்பின் வணிகப் பொறுப்பாளர். முப்பது வயதுதான், பேச்சில் கெட்டிக்காரர். "வீட்ல கிடைக்காத ஒண்ண இங்க குடுத்தாதான் ஆள் வருவான் மேடம்" என்றார். அந்த ஒன்றின் பெயர் நாடி. அதைப் பொருத்தவும் ஓட்டவும் வந்தவள் நான், பௌசியா. கிளப்புக்கு என்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இயந்திரத்தோடு வந்த பெண்மணி என்பதுதான். எனக்கும் அது வசதியாகவே இருந்தது. பெரம்பூரில் ஒற்றை அறை வீடு. விவாகரத்துக்குப் பிறகு யாரிடமும் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

நாடி என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஆட்டக்காரரின் பனியனுக்குள் நெஞ்சை ஒட்டி ஒரு மெல்லிய தகடு. பார்வையாளரின் மணிக்கட்டில் ஒரு பட்டை. ஆட்டக்காரரின் உடம்பு உணர்வதைப் பார்வையாளரின் உடம்பும் உணரும். மூச்சிரைப்பு, பயம், உள்ளங்காலின் சூடு, கோல் போட்டதும் வயிற்றிலிருந்து எழும்புகிற அந்தக் குளிர், எல்லாம் வரும். எண்ணங்கள் வராது. டிக்கெட் வாங்கும்போதே யாருடைய நாடி வேண்டும் என்று கேட்டுப் பட்டையை அதற்கு மாற்றித் தருவார்கள். மைதானத்தின் சுவரைத் தாண்டினால் அது வேலை செய்யாது. உண்மையில் அமெரிக்காவுக்கே அனுப்பலாம். சுவரோடு நிறுத்தச் சொன்னது கீர்த்திவாசன்.

கூட்டம் அலைமோதியது. ஒரே சீசனில் மைதானம் நிரம்பி வழிந்தது. பாதிக்கு மேல் ஆட்கள் எங்கள் முன்கள வீரன் ரூபனைத்தான் எடுப்பார்கள். அவன் பந்தோடு ஓடும்போது ஆயிரக்கணக்கானவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி மூச்சு வாங்குவார்கள். ஆனால் சத்தம் இல்லை. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருப்பவன் யாரென்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவரைத் திட்ட ஆளில்லை. முதல் நாள் என் கண்ணாடி அறையிலிருந்து அதைப் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. நிரம்பிய மைதானத்தில் பந்தை உதைக்கும் ஒலி மட்டும் தனியாகக் கேட்டது.

நாடியில் இன்னொரு விஷயமும் உண்டு. அது இருவழிப் பாதை. ஒரு ஆட்டக்காரரை எடுத்திருப்பவர்கள் உணர்வது மொத்தமாகச் சேர்ந்து, மெலிதாக அவர் நெஞ்சுக்குப் போய்ச் சேரும். ரசிகர்களின் ஆதரவு ஆட்டக்காரருக்கு ஊக்கம் தரும் என்று விளம்பரத்தில் போட்டார்கள். ரூபன் ஒரு பெனால்டியைத் தவறவிட்ட அன்று, அத்தனை பேரின் ஏமாற்றமும் ஒரே நொடியில் அவன் நெஞ்சில் இறங்கியது. மைதானத்திலேயே வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகு அவன் மாத்திரை போட்டுக்கொண்டுதான் இறங்குகிறான். அதை விளம்பரத்தில் போடவில்லை.

என் திரையில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் எதிரே ஒரு எண் ஓடும், எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள் என்று. ரூபனுக்கு எதிரே பல ஆயிரம். கடைசி வரியில் கோல்கீப்பர் அல்போன்ஸ். அவனுக்கு எதிரே ஒன்று.

தொண்ணூறு நிமிடத்தில் எண்பது நிமிடம் சும்மா நிற்பவனின் நாடியை எவன் எடுப்பான். அந்த ஒரு ஆளும் கவுன்டரில் தவறுதலாகச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த ஆட்டத்திலும் ஒன்று. அதற்கடுத்ததிலும் ஒன்று.

ஒருநாள் பயிற்சி முடிந்ததும் அல்போன்ஸ் என் அறைக் கதவைத் தட்டினான். தூத்துக்குடிப் பையன். நெடுநெடுவென்று வளர்ந்தவன், நிலைக்கதவில் குனிந்துதான் நுழைந்தான். அவனுக்கு அம்மா மட்டும்தான் இருந்தார்கள். போன வருடம் அவர்களும் போய்விட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். எனக்கு ஒரு ஆளு இருக்காவல்லா. அது யாருன்னு தெரியுமா?"

"பேர் எனக்கு வராது தம்பி. எண் மட்டும்தான் வரும்" என்றேன்.

"பேரு வேண்டாம். ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால வந்துட்டாவளா இல்லையான்னு மட்டும் சொல்லுவீயளா?"

அதில் என்ன கஷ்டம். ஆட்டம் தொடங்கும் முன் அவன் என் அறைப் பக்கம் பார்ப்பான். நான் கையை உயர்த்திக் காட்டுவேன். அவன் தலையை ஆட்டிவிட்டு கோல் கம்பத்தை நோக்கி நடப்பான்.

பிறகு அவன் அடிக்கடி வந்தான். பேச ஆளில்லாமல் வந்தான் என்பது தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் என்பது அவனுக்குத் தெரியாது.

"ரூபன் அண்ணனுக்குக் கெடைக்குற மாதிரி எனக்குப் பெருசா ஒண்ணும் வராதுக்கா" என்றான் ஒருநாள். "ஒரு எளஞ்சூடு. கை வச்ச மாதிரி, நெஞ்சுல. அது கூடாது, கொறையாது. அன்னைக்கு ஆறு கோலு வாங்குனேன்லா, டிரெஸ்ஸிங் ரூம்ல ஒருத்தனும் என் மூஞ்சியப் பாக்கல. அவிய மட்டும் கோவப்படல. ஏமாறவும் இல்ல. அப்பிடியே இருந்தாவ. எனக்கு அப்பிடி யாரும் இருந்ததில்லக்கா. எங்கம்ம கூட ஏசுவாவ."

"வயசானவங்களா இருக்கும்" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"இருக்கும். அதான் நான் அவியளுக்குன்னு சிலது செய்யுதேன். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது, சும்மா நிக்கையில, கம்பத்துல முதுக வச்சுக் குளிர்ச்சியா நிப்பேன். கடக்காத்து வந்தா நல்லா இழுத்து விடுவேன். தண்ணி குடிச்சா, வாய்ல வச்சு மெதுவா முழுங்குவேன். அவியளுக்கும் போவும்லா." கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தான். "அம்ம நெனப்பு வந்தா மட்டும் சட்டுன்னு மாத்திக்கிடுவேன். காசு குடுத்து வந்தவியளுக்கு அத எதுக்குக் குடுக்கணும்."

முகம் தெரியாத ஒருவருக்காகக் கடற்காற்றை இழுத்துவிடும் ஆளை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இது எப்படியோ கீர்த்திவாசன் காதுக்குப் போனது. மனிதருக்கு முகம் பிரகாசமாகிவிட்டது.

"மேடம், இதுதான் அடுத்த சீசன் விளம்பரம். யாரும் சீண்டாத கீப்பர், அவருக்குன்னு ஒரே ஒரு ரசிகர். கடைசி மேட்ச் முடிஞ்சதும் ரெண்டு பேரையும் கேமரா முன்னாடி சந்திக்க வைக்கிறோம். ஊரே அழும். கீப்பர் டிக்கெட்டும் விக்கும். அந்த ஆளைக் கண்டுபிடிங்க."

அல்போன்ஸிடமும் அவரே சொல்லிவிட்டார். அன்று மாலை அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவியளுக்கு என்னப் பாக்கப் பிடிக்குமாக்கா?"

பெயர் வராவிட்டாலும், பட்டை எந்த இருக்கையில் இருக்கிறது என்பதைத் தேடி எடுக்க முடியும். கிழக்கு கேலரி, உச்சி வரிசை, மூலை நாற்காலி. அடுத்த ஆட்டத்தின்போது உதவியாளரை உட்காரவைத்துவிட்டு ஏறிப்போனேன். மாலை வெயில் நேராக முகத்தில் அடிக்கிற பக்கம் அது. கண்மூடிக் கிடக்கும் வரிசைகளைக் கடந்து மேலே போய்ச் சேர்ந்தபோது, அந்த மூலை நாற்காலி காலியாக இருந்தது.

காலி என்று சொல்லக்கூடாது. முதுகில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. ஒரு முழம் மல்லிகை. இருக்கையில் ஒரு டிக்கெட். இரும்புக் கைப்பிடியில் நாடிப்பட்டை இறுக்கிக் கட்டியிருந்தது.

கீழ் வரிசையில் கொடிக்கம்பத்தைக் கட்டிக்கொண்டிருந்த ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன். மைதானத்தைப் பராமரிப்பவர்.

"இது யார் சீட்டுங்க?"

"இன்னா மேடம், தெரியாதா? கன்னியப்பன் சார் சீட்டு. கிளப்ப ஆரம்பிச்சவரு. ஹார்பர்ல வேல பாத்துக்கினு ஆடுனாரு. அவரு போனதுலேர்ந்து மொத டிக்கெட்டு அவரு பேருக்குத்தான். வேற யாருக்கும் விக்க மாட்டோம். மேட்ச் அன்னிக்குப் பொட்டு வச்சு, பூ போட்டு, டிக்கெட்ட வச்சுட்டு வந்துருவேன்."

"சரி, இந்தப் பட்டை?"

"இப்பதான் டிக்கெட்டோட பட்டையும் தர்றாங்களே. எல்லாருக்கும் குட்த்துட்டு அவருக்கு மட்டும் குடுக்கலன்னா நல்லாவா இருக்கும்? கவுன்டர்ல அந்தப் பொண்ணு யாரோடதுன்னு கேட்டுச்சு. சார் கோலியா, கோல் கம்பத்துல நின்னு ஆடுனவரு. அதான் கோலியோடது போடும்மான்னேன்."

கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் காய்ந்து, மனித உடம்பின் சூட்டில் இருந்தது. கேலரிக்கு அடியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அதிர்வு இரும்பு வழியாக மேலே ஏறி, சீராக, நிதானமாகத் துடித்தது. பட்டை கேட்பது சூடும் துடிப்பும்தான். இரண்டும் அங்கே இருந்தன. எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது, ஆனால் அந்த நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தூரத்தில் அல்போன்ஸ் கம்பத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தான்.

கீர்த்திவாசனிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அதுவரைக்கும் அவரை நான் மதிக்கலாம். ஆனால் ஒரு நிமிடத்தில் சுதாரித்துக்கொண்டார்.

"அதனால என்ன மேடம். ஒரு ஆளை உட்கார வைப்போம். நல்ல முகமா, கண்ணீர் சட்டுன்னு வர்ற மாதிரி ஒரு நடிகரை நான் அனுப்புறேன். இத்தனை நாளா நான்தான் வந்தேன்னு சொல்லட்டும். பையனுக்கும் சந்தோஷம்."

"அவனை ஏமாத்தறதா?"

"இப்ப மட்டும் என்ன நடக்குது?"

உண்மையைச் சொன்னால் அந்தப் பையன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சொல்லாவிட்டால் கூலிக்கு அழும் ஒருவனைக் கட்டிப்பிடிப்பான். இரண்டையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"நடிகர் வேண்டாம். நான் உட்கார்றேன்" என்றேன்.

என் மனதில் இருந்தது இதுதான். கூலிக்காரன் இல்லை, உண்மையாகவே அவன்மேல் அக்கறை உள்ள ஒரு ஆள். இரும்புக்குப் பதில் மனுஷி. ஒருநாள் பொய் சொன்னாலும், அடுத்த நாளிலிருந்து அதை மெய்யாக்கிவிடலாம் இல்லையா. ஒருவருக்கு நான் தேவைப்படுவேன் என்ற ஆசையும் அதில் கலந்திருந்தது. கலந்திருந்தது என்ன, அதுதான் அதிகம்.

கடைசி ஆட்டத்தன்று அறையை உதவியாளரிடம் விட்டு, ஏகாம்பரத்திடம் சொல்லிவிட்டு, கைப்பிடியிலிருந்து பட்டையை அவிழ்த்து என் கையில் கட்டிக்கொண்டேன். கன்னியப்பன் சாரின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை மாதம் நாடியை ஓட்டியவள், ஒருநாளும் அதைக் கட்டிப் பார்த்ததில்லை.

முதலில் கையுறைக்குள் ஈரம் தெரிந்தது. பிறகு புல்லின் குத்தல், தோள்பட்டையில் பழைய வலி ஒன்று. அதற்கப்புறம் காத்திருப்பு. அவ்வளவு பெரிய காத்திருப்பை அந்த ஒல்லி உடம்புக்குள் எப்படி வைத்திருந்தான் என்று தெரியவில்லை. பந்து எங்கோ தொலைவில் இருந்தது. அவன் ஒரு வாய் தண்ணீர் குடித்தான். அது என் நாக்கில் தங்கியது, தொண்டையில் நின்று நின்று இறங்கியது. எனக்காக அனுப்பியது. இல்லை, எனக்காக இல்லை. ஆனால் என்னிடம் வந்து சேர்ந்தது. எனக்கு யாரும் எதையும் இத்தனை பொறுமையாகத் தந்ததில்லை. அழுகை வந்துவிட்டது. பாவம் இந்தப் பிள்ளை, பாவம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அவன் விலுக்கென்று கேலரியை நிமிர்ந்து பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து ஓரத்திலிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. சின்னப் பிள்ளைகூடப் பிடிக்கும் பந்து. அவன் கையில் பட்டு நழுவி வலைக்குள் விழுந்தது. ஐயோ என்று நான் பதறினேன். என் பதற்றம் அவனுக்குப் போனது. அவன் பயம் எனக்குத் திரும்பி வந்தது. அதில் நான் இன்னும் பயந்தேன். கழற்றிவிடலாம், ஆனால் கழற்றினால் அவனுக்கு ஒருவருமே இல்லை என்றாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு, அந்த நாற்காலியைப் போல அமைதியாக இருக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். முடியவில்லை. இன்னும் இரண்டு கோல் விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் கீழே கேமராக்காரர்கள் தயாராக நின்றார்கள். அல்போன்ஸ் அவர்களைக் கடந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல், படியேறி வந்தான். கேலரி காலியாகிக்கொண்டிருந்தது.

"நீங்களாக்கா?"

"நான்தான் தம்பி."

என் முகத்தையே பார்த்தான். "இன்னைக்கு மட்டும்தான நீங்க. முன்னால வந்தவிய வேற."

சொல்ல நினைத்திருந்த பொய் வாயில் வரவில்லை. நாற்காலியைக் காட்டினேன். ஏகாம்பரத்தின் டிக்கெட், கோலியாக ஆடிய கன்னியப்பன் சார், வெயில், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒரு கையுறையைக் கழற்றி, உள்ளங்கையைக் கைப்பிடியில் வைத்தான். வெயில் இறங்கிவிட்டிருந்தாலும் இரும்பில் இன்னும் சூடு மிச்சமிருந்தது.

"இதுதாங்க்கா" என்றான். "இதேதான்."

"மன்னிச்சிரு தம்பி. உனக்கு ஒரு மனுஷத் துணை இருக்கட்டும்னுதான் நான்..."

"தெரியும்க்கா. வந்துச்சு. நீங்க நல்லவிய." கையை எடுக்கவில்லை. "ஆனா நீங்க பாவப்பட்டீய. அது நெஞ்சுல வந்து உக்காந்துட்டு. எங்கம்ம செத்தன்னைக்கு வீட்டுக்கு வந்தவிய எல்லாரும் அப்பிடித்தான் பாத்தாவ. நான் அழுவேனா அழுவேனான்னு. எனக்குக் கையே ஓடல."

"இது வெறும் இரும்பு, அல்போன்ஸ்."

"சரி" என்றான். "இது எங்கிட்ட ஒண்ணும் கேக்காதுல்லா."

கீழிருந்து கீர்த்திவாசன் கையசைத்துக் கூப்பிட்டார். அல்போன்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு சொன்னான், "அடுத்த சீசன்லயும் இதுலயே கட்டச் சொல்லுங்க அக்கா. ஏகாம்பரம் அண்ணன்ட்ட நான் சொன்னேன்னு சொல்லிருங்க."

விளம்பரத்தை ரூபனை வைத்து எடுத்தார்கள். நன்றாக ஓடியது. புதிய சீசனுக்கு மேற்குப் பக்கமும் கேலரி கட்டுகிறார்கள்.

புதிய சீசனின் முதல் ஆட்டத்தன்று, ஏகாம்பரம் பொட்டு வைத்து முடித்த பிறகு, பட்டையை நானே அந்தக் கைப்பிடியில் கட்டினேன். அல்போன்ஸுக்கு வழக்கம்போலக் கையைக் காட்டினேன். அவன் தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, அவன் நாடிக்கு மாற்றிய இன்னொரு பட்டையைப் பிரித்து, என்னிடமிருந்து அவனுக்குத் திரும்பிப் போகிற பாதையை மட்டும் வெட்டிவிட்டேன். அது இனி வாங்கும், கொடுக்காது. எண்ணிக்கையிலும் வராது. அதை என் கையில் கட்டிக்கொண்டேன்.

முதல் பாதியில் ஒரு கார்னர் வந்தது. ஆறேழு பேருக்கு மேலே எழும்பி, பந்தை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தான். என் உள்ளங்கை எரிந்தது. விலாவில் தரையின் அடி விழுந்தது. அதற்கெல்லாம் மேலே, கட்டுக்கடங்காத ஒரு சந்தோஷம் வந்தது. நான் எழுந்து நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். வெளியே பல்லாயிரம் பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி அறைக்குள் நான் போட்ட சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது.